மொழியா, மனையா? மான்டெரே பார்க் பற்றிச் சில குறிப்புகள்

1980களின் நடுவில், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே ஒரு பெட்ரோல் பங்கில் ஒரு பலகை இருந்தது. மான்டெரே பார்க்கை விட்டுக் கிளம்புகிற கடைசி அமெரிக்கர், போகும்போது கொடியையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்க என்கிற பொருளில் ஒரு வாசகம். அந்த ஊரைப் பற்றி யார் எழுதினாலும் இந்தப் பலகை வந்துவிடும். நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். என் குறிப்பேட்டில் முதல் வரியாக "வெள்ளையர் எதிர் சீனர்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். படிக்கப் படிக்க அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

மான்டெரே பார்க் சின்ன ஊர். சுமார் 60,000 பேர். 1960ல் நூற்றுக்கு 85 பேர் வெள்ளையர். ஆனால் அப்போதே ஊர் மாறத் தொடங்கிவிட்டது. பக்கத்துக் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள், நகரத்து நெரிசலிலிருந்து ஜப்பானிய அமெரிக்கர்கள், பழைய சைனாடவுனிலிருந்து அமெரிக்காவிலேயே பிறந்த சீனர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: தோட்டத்தோடு ஒரு தனி வீடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம். இவர்களை ஊர் ஏற்றுக்கொண்டது. ஏன்னா வீட்டுக்கு வெளியே ஆங்கிலம் பேசினார்கள், ஊர்ச் சங்கங்களில் சேர்ந்தார்கள். "கலந்துவிட்டவர்கள்" என்று பெயர் எடுத்தார்கள்.

அடுத்து வந்த அலை வேறு மாதிரி. 1965ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியது. 1979ல் அமெரிக்கா பெய்ஜிங்கை அங்கீகரித்ததும் தைவானில் கலக்கம். 1984 உடன்படிக்கையோடு ஹாங்காங்கிலும் அதே கலக்கம். பணமும் படிப்பும் உள்ளவர்கள் வெளியே இடம் தேடினார்கள். ஃபிரெடரிக் ஷியே என்ற ரியல் எஸ்டேட் தரகர் இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்திருந்தார். இந்த ஊர் சீனர்களின் ஊராகப் போகிறது என்று 1977லேயே உள்ளூர் வணிகர்களிடம் சொன்னவர் அவர். மான்டெரே பார்க்கை "சீன பெவர்லி ஹில்ஸ்" என்று தைவானிலும் ஹாங்காங்கிலும் விளம்பரம் செய்தார்.

வந்தவர்கள் ஏழைகளாக வந்து படிப்படியாக ஏறியவர்கள் இல்லை. நேராகப் புறநகரில் வந்து இறங்கி, வீட்டுக்கு முழுப் பணம் கட்டக்கூடியவர்கள். மனை விலை ஏறியது. தனி வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுந்தன. அட்லாண்டிக் பொலிவார்டிலும் கார்வி அவென்யூவிலும் பழைய கடைகள் போய், சீனப் பலகைகளோடு வங்கிகளும் மளிகைக் கடைகளும் வந்தன. போக்குவரத்து நெரிசல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் நான் முதலில் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கு. 1978ல் கலிஃபோர்னியா மக்கள் "13வது முன்மொழிவு" என்ற வாக்கெடுப்பில் சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். நகரசபைகளின் வருமானம் சுருங்கியது. மிச்சமிருந்த வழி விற்பனை வரி. அதற்குக் கடைகள் வேண்டும். ஆகவே கட்டுமான நிறுவனங்கள் எதைக் கேட்டாலும் அனுமதி கொடுக்கிற நிலைமை. இது சீனர்கள் உண்டாக்கிய நிலைமை இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது சீனப் பலகைதான். வரிச் சட்டத்துக்குப் பலகை கிடையாதே!

இதை எதிர்த்து ஊர்க்காரர்கள் முதலில் எழுப்பியது மொழிப் பிரச்சினை இல்லை, மனைப் பிரச்சினை. 1982 ஜூனில் வாக்கெடுப்பு வைத்து, ஆண்டுக்கு 100 வீடுகளுக்கு மேல் கட்டக்கூடாது என்று வரம்பு போட்டார்கள். நிலப் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றினால் வாக்காளர்களைக் கேட்கணும் என்றும் விதித்தார்கள். இதில் வெள்ளையர் மட்டுமல்ல, மெக்சிகோ, ஜப்பானிய வம்சாவளியினரும் உண்டு. அதே காலத்தில் நகரசபையில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். 1983ல் லில்லி லீ சென் மேயரானார். அமெரிக்காவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் சீன அமெரிக்கப் பெண் அவர். புதியவர்களை அரவணைத்ததற்காக 1985ல் ஊருக்குத் தேசிய விருதுகூடக் கிடைத்தது.

அடுத்த வருஷமே எல்லாம் கவிழ்ந்தது. 1986 ஏப்ரல் தேர்தலில் சென்னும் இரண்டு லத்தீன் உறுப்பினர்களும் தோற்றார்கள். மூன்று வெள்ளையர்கள் ஜெயித்தார்கள். கட்டுமானத்தின் மேல் ஊருக்கு இருந்த கோபத்தில் ஜெயித்தவர்கள், ஜூனில் கொண்டுவந்தது 9004ஆம் எண் தீர்மானம்: ஆங்கிலம்தான் நாட்டின் ஆட்சிமொழியாக வேண்டும், குடியேற்ற அதிகாரிகளோடு ஊர்ப் போலீஸ் ஒத்துழைக்க வேண்டும். மனைக்காக வாங்கிய ஓட்டை மொழிக்குச் செலவு பண்ணினார்கள்.

அப்போது எதிர்த்து நின்றவர்களைப் பார்த்துத்தான் என் முதல் வரியை அடித்தேன். புதிய சீனர்களில் பலருக்கு அப்போது ஓட்டே இல்லை. நின்றவர்களில் முக்கியமானவர்கள் அந்தக் "கலந்துவிட்டவர்கள்". பள்ளியில் ஸ்பானிஷ் பேசி அடி வாங்கியது லத்தீன் அமெரிக்கர்களுக்கு மறக்கவில்லை. 1942ல் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டதை ஜப்பானிய அமெரிக்கர்கள் மறக்க முடியுமா? ஆங்கிலம் பேசியது அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றவில்லை. இவர்களோடு வெள்ளையரும் சேர்ந்து கையெழுத்து வாங்கினார்கள். அக்டோபரில் நகரசபையே தீர்மானத்தை ரத்து செய்தது. புதிய சீனர்களைப் பற்றி வீட்டில் முணுமுணுத்தவர்களும் இந்தக் கூட்டணியில் இருந்தார்கள். அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

ஆனால் அத்தோடு முடிந்துவிடவில்லை. அடுத்த மாதமே கலிஃபோர்னியா முழுக்க ஆங்கிலம் ஆட்சிமொழி என்ற வாக்கெடுப்பு 73 சதவீத ஆதரவோடு ஜெயித்தது. ஊருக்குள் தீர்மானத்தை ஆதரித்த இருவரைத் திரும்ப அழைக்கும் முயற்சி 1987ல் தோற்றது. பிறகு நூலகத்தில் சீனப் புத்தகம் வாங்கலாமா என்று ஒரு சண்டை, நூலக வாரியத்தையே கலைத்து நீதிமன்றம் வரை போனது.

முடிச்சை அவிழ்த்த விதம் எளிமையானது. 1988ல் அதிக ஓட்டு வாங்கி ஜெயித்த ஜூடி சூ லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன அமெரிக்கர், உளவியல் பேராசிரியர். கட்டுமானத்துக்கு வரம்பு வேணும், அதற்காக மொழியை அடிக்காதீங்க என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசினார். 1990ல் தீர்மானக்காரர்கள் இருவரும் தோற்றார்கள். 2009ல் சூ நாடாளுமன்றத்துக்குப் போனார், அங்கே போன முதல் சீன அமெரிக்கப் பெண்ணாக.

பலகை வைத்தவரின் இழப்பு பொய்யில்லை. பழகிய கடை மூடினால் யாருக்கும் வலிக்கும். அந்த வலியைக் கேட்கக்கூட ஆளில்லாதபோது, யார் முதலில் ஒரு பெயர் கொடுக்கிறார்களோ அந்தப் பெயரே அதற்கு ஒட்டிக்கொள்கிறது. குறிப்பேட்டில் அடித்த வரிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: இந்தக் கோபம் எதன்மேல் தொடங்கியது, யார் அதைத் திருப்பிவிட்டது? இனி எந்த ஊரைப் படித்தாலும் முதலில் இதைத்தான் கேட்கணும்.