நீங்க தமிழா, முஸ்லிமா?

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. எங்க எதிர் வீட்டு மாடி போர்ஷன் காலியா இருந்தது. 'டு-லெட்' போர்டைப் பாத்துட்டு ஒரு குடும்பம் வந்தாங்க. அவர், அவர் மனைவி, கையில ஒரு சின்னப் பொண்ணு. நான் எங்க வீட்டு கேட்டுக்குப் பக்கத்துல வண்டி தொடைச்சுகிட்டிருந்தேன்.

வீட்டுக்கார அம்மா நல்லவங்கதான். அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க வீட்டுல யாருக்காவது காய்ச்சல்னா ரசம் வச்சு அனுப்பறவங்க. மாடியைக் காட்டினாங்க, தண்ணி எத்தனை மணிக்கு வரும்னு சொன்னாங்க, அட்வான்ஸ் பேசினாங்க. கீழே இறங்கி வந்தப்பதான் அந்தப் பொண்ணோட முக்காட்டை கவனிச்சாங்க போல. கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி.

"நீங்க தமிழா, முஸ்லிமா?"

அவங்க சிரிச்சுகிட்டே, "ரெண்டும்தாம்மா. எங்களுக்கு காயல்பட்டினம்" அப்படின்னாங்க.

"ஓ... எங்க சொந்தக்காரங்க ஒருத்தங்க வரதா சொல்லியிருக்காங்க, கேட்டுட்டு சொல்றேன்" என்று பதில் வந்தது. அப்படி ஒரு சொந்தக்காரர் வரவில்லை. வரமாட்டார் என்பது எனக்கும் தெரியும், வந்தவங்களுக்கும் தெரியும். நான் ஒண்ணும் பேசலை. ஏற்கெனவே பளபளன்னு இருந்த பெட்ரோல் டேங்கை இன்னும் ரெண்டு தடவை தொடைச்சேன்.

அந்தக் கேள்வி மட்டும் மண்டைக்குள்ளயே நின்னு போச்சு. அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் ரயில்ல போகும்போதும் வரும்போதும் படிச்சது, யோசிச்சது எல்லாம் சேர்த்துதான் இந்தப் பதிவு. நான் சரித்திரப் பேராசிரியர் எல்லாம் இல்லை மக்கா. ஊரப்பாக்கத்துல ஏறி பீச்சுல இறங்கற ஒரு சாதா ஆள். தப்பு இருந்தா திருத்துங்க.

முதல்ல சில சொற்களை மட்டும் பாப்போம்.

இஸ்லாத்துல அஞ்சு கடமைகள். 'இறைவன் ஒருவனே, முகம்மது அவனுடைய தூதர்' என்று உறுதி சொல்லும் கலிமா. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை தொழுகை. ரமலான் மாதம் நோன்பு. வசதி இருக்கறவங்க சேமிப்புல நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குக் கொடுக்கிற ஜகாத். முடிஞ்சவங்களுக்கு வாழ்நாள்ல ஒரு தடவை ஹஜ். இது உலகம் பூரா ஒண்ணுதான்.

ஆனா சொல்ற சொல்லைப் பாருங்க. அரபியில தொழுகைக்கு 'ஸலாத்', நோன்புக்கு 'ஸவ்ம்'. டெல்லியிலயோ லக்னோவிலயோ கேட்டா 'நமாஸ்', 'ரோஜா'. இந்த ரெண்டும் பாரசீகச் சொற்கள். தமிழ்நாட்டுல? தொழுகை, நோன்பு. மார்கழி நோன்பு, பாவை நோன்புன்னு நாம சொல்றோமே, அதே நோன்பு. தொழற இடம் பள்ளிவாசல். 'பள்ளி'ங்கறது சமணர்களும் பௌத்தர்களும் இங்கே இருந்த காலத்துலயே அவங்க தங்கின, படிச்ச இடத்துக்கு இருந்த பேர். குர்ஆனை 'ஓதறாங்க', கோயில்ல தேவாரம் பாடறவரும் ஓதுவார்தான். ஈத் இல்லை, பெருநாள்.

இது சும்மா அகராதி விளையாட்டு இல்லை. ஒரு மதம் எந்த வழியா ஒரு ஊருக்கு வந்தது என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி. வட இந்தியாவுக்கு இஸ்லாம் பெரும்பாலும் பாரசீக மொழியைப் பேசின அரசவைகள் வழியா, நிலத்துல வந்தது. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் அது முதல்ல கடல்ல வந்தது. மலையாளத்துலயும் பாருங்க: நோம்பு, பள்ளி, நமஸ்காரத்திலிருந்து வந்த 'நிஸ்காரம்'. இன்னும் கிழக்கே இந்தோனேசியா, மலேசியா போனா நோன்புக்கு 'புவாசா' என்பாங்க. நம்ம 'உபவாசம்'தான் அது! கடல் வழியா போன ஊர்ல எல்லாம் ஒரே கதை. வந்தவங்க உள்ளூர்ச் சொல்லை வாங்கிக்கிட்டாங்க.

(உடனே 'பாங்கு'ன்னு யாராவது கேப்பீங்க. கரெக்ட், அது பாரசீகச் சொல்தான். கடல்ல வந்தவங்கள்ல பாரசீக வளைகுடாக்காரங்களும் நிறைய பேர் இருந்தாங்களே!)

சரி, எப்படி வந்தாங்க?

கி.பி. 570 வாக்கில் மெக்காவில் பிறந்த முகம்மது நபிக்கு 610-ல் முதல் வஹீ, அதாவது இறைச்செய்தி, வந்ததாக முஸ்லிம்கள் நம்புறாங்க. 622-ல் மெக்காவை விட்டு மதீனா போனார். அதுதான் ஹிஜ்ரத், ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அங்கேதான் தொடங்குது. அது நிலாக் கணக்கு, வருஷத்துக்கு 354 நாள் சொச்சம். அதனாலதான் ரமலான் ஒவ்வொரு வருஷமும் பதினோரு நாள் போல முன்னாடி நகர்ந்துகிட்டே இருக்கு. 632-ல் நபி மறைந்தார்.

ஆனா அரபு நாட்டுக் கப்பல்கள் நம்ம பக்கம் வர்றதுக்கு இஸ்லாம் தோன்றும்வரை காத்திருக்கலை. அதுக்கு முன்னாடியே வந்துகிட்டுதான் இருந்தாங்க. மிளகு, முத்து, துணி. தென்மேற்குப் பருவக்காற்றுல பாய் விரிச்சா இங்கே, வடகிழக்குக் காற்று கிளம்பினா திரும்ப வீட்டுக்கு. நடுவுல சில மாசம் காத்துக்காகத் துறைமுகத்துலயே காத்திருக்கணும். வருஷா வருஷம் அதே ஊர்ல அத்தனை மாசம் தங்கினா என்ன ஆகும்? மொழி பழகும், கடன் கொடுக்கல் வாங்கல் வரும், கல்யாணமும் நடக்கும். வந்தவங்க புது மார்க்கத்தை ஏத்துக்கிட்டப்ப அதுவும் அதே கப்பல்ல வந்தது. தமிழ் முஸ்லிம் சமூகத்தோட தொடக்கம் இப்படித்தான்.

இதுக்கு ஆதாரம் இருக்கான்னு கேட்டா, கொல்லத்துல 849-ல் வெட்டின தரிசாப்பள்ளிச் செப்பேடு இருக்கு. கிறிஸ்தவ தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைகள் பற்றியது அது. சாட்சிக் கையெழுத்துகள் குஃபி அரபு எழுத்துல, பஹ்லவியில, எபிரேய எழுத்துல எழுதின பாரசீகத்துலன்னு வரிசையா இருக்கு. அஞ்சுவண்ணம் என்ற மேற்கு ஆசிய வணிகர் குழுவும் அதுல வருது. தேவாலயத்துப் பத்திரத்துக்கு முஸ்லிம், யூதர், பார்சி எல்லாம் சாட்சி! இன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இப்படி ஒரு பத்திரம் பாக்க முடியுமா தெரியலை :-)

அந்தக் காலத்துல இவங்களுக்குத் தமிழ்ல இருந்த பேர் 'சோனகர்'. 'யவனர்' திரிஞ்சு வந்த சொல், கடல்ல வந்தவங்கன்னு அர்த்தம் தொனிக்கும். 'துலுக்கர்'ங்கற சொல் துருக்கர், அதாவது துருக்கியர் என்பதிலிருந்து வந்தது. அது நிலவழியா வந்த படைகளோட சேர்ந்த பேர். ரெண்டு வழி, ரெண்டு பேர். நாம பிற்பாடு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டோம்.

பதிமூணாம் நூற்றாண்டுக்கு வருவோம். பாண்டியர்கள் உச்சத்துல இருந்த காலம். 1290-கள்ல வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்துல ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து நிக்கறதைப் பத்தி எழுதியிருக்கார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வருஷத்துக்கு 10,000 குதிரை இறங்கும், ஒண்ணு 220 தீனார்னு கணக்கே சொல்றார். அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக்கிட்டாலும் வியாபாரம் பெருசு. கிஷ் தீவை ஆண்ட வணிகர் ஜமாலுத்தீனோட தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னருக்கு அமைச்சராகவே இருந்தார்னும் வஸ்ஸாஃப் எழுதறார்.

இப்ப, நான் படிச்சதுலயே என்னை நிமிர்ந்து உக்கார வச்ச விஷயம். 1311-ல் டெல்லி அலாவுத்தீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் பாண்டிய நாட்டு மேல படையெடுத்து வந்தார். கோயில்கள் கொள்ளை போச்சு, அதுல சந்தேகமே இல்லை. அந்தப் படையெடுப்பைப் புகழ்ந்து எழுதின டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு, போகிற போக்குல ஒரு தகவல் சொல்றார். பாண்டியர் பக்கம் படையில முஸ்லிம்கள் இருந்தாங்களாம். அவங்க பாதி இந்து மாதிரி இருந்தாங்க, மார்க்க ஒழுக்கம் போதாது, ஆனாலும் கலிமா சொன்னதால உயிரோட விட்டாங்கன்னு எழுதறார்.

யோசிச்சுப் பாருங்க. டெல்லியிலிருந்து வந்த படை இவங்களைப் பார்த்து 'நீ சரியான முஸ்லிமா?'ன்னு கேட்டுச்சு. எழுநூறு வருஷம் கழிச்சு எங்க தெருவுல 'நீ தமிழா?'ன்னு கேக்கறோம். பாவம், ரெண்டு பக்கமும் இவங்களே பரீட்சை எழுதணும்.

எல்லாமே தேனும் பாலுமா ஓடிச்சுன்னு சொல்ல மாட்டேன். 1335-ல் டெல்லி சுல்தானின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் கான் தனி அரசு அறிவிச்சார். அதுதான் மதுரை சுல்தானகம். நாப்பது வருஷம் சொச்சம் இருந்தது. இந்த அஹ்ஸன் கானோட மருமகன் வேற யாரும் இல்லை, ஊர் சுற்றி இப்னு பதூதாதான். அவரே பிற்பாடு ஆண்ட கியாஸுத்தீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைப் பார்த்து வெறுத்துப் போய் எழுதியிருக்கார். பிற்பாடு விஜயநகரக் குமார கம்பணர் படை வந்து அந்த ஆட்சியை முடிச்சது. அதே மாதிரி பதினாறாம் நூற்றாண்டுல முத்துக்குளித்துறையில பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் பெரிய மோதல். பரதவர்கள் போர்த்துகீசியர் பாதுகாப்பைத் தேடி 1530-கள்ல கிறிஸ்தவத்துக்குப் போனதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனா ஒரு கணக்கு இருக்கு. மதுரை சுல்தானகம் வர்றதுக்கு முன்னாடியே இங்கே முஸ்லிம் ஊர்கள் இருந்தன. அது போன பிறகும் இருந்தன. வாள் ஆண்டது நாப்பது வருஷம் சொச்சம். தமிழ் முஸ்லிம்கள் இருப்பது ஆயிரம் வருஷத்துக்கு மேல. வாள்தான் காரணம்னா கணக்கு உதைக்குதே!

வணிகம், கல்யாணம் தவிர இன்னும் ரெண்டு வழி. ஒண்ணு, இறைநேசர்கள். நாகூர்ல அடங்கியிருக்கும் பதினாறாம் நூற்றாண்டு ஷாகுல் ஹமீது ஆண்டகையைத் தேடி எந்த சாதி, எந்த மதம்னு பாக்காம ஜனம் போகுது. அங்கே இருக்கும் மினாராக்கள்ல உயரமானது, 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. இன்னொண்ணு, சுயமரியாதை. ஒரே வரிசையில தோளோடு தோள் நின்னு தொழலாம் என்பது சாதியில அடிபட்டவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு அடிபடாத நமக்குப் புரியாது. 1981-ல் நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்துல நூத்துக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்துக்கு மாறினப்ப நாடே அதிர்ந்தது. அங்கே கப்பலும் வரலை, வாளும் வரலை.

தமிழுக்கு அவங்க கொடுத்ததைத் தனிப் பதிவாவே போடலாம். 1572-லேயே ஆயிர மசலா. பதினேழாம் நூற்றாண்டு முடியற சமயத்துல உமறுப்புலவர் ஆரம்பிச்ச சீறாப்புராணம், நபியின் வாழ்க்கையை அய்யாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுல பாடுது. அதுல அரபு நாட்டுல மலையில மழை பெய்யும், ஆறு பெருகி வயலுக்குப் பாயும். பாலைவனத்தையே நம்ம காவிரிக் கரை மாதிரி ஆக்கிட்டார் மனுஷன். அவரை ஆதரிச்ச கீழக்கரை வள்ளல்தான் 'செத்தும் கொடுத்த' சீதக்காதி. அந்தக் கீழக்கரைப் பழைய பள்ளிவாசலுக்குள்ள போனா வரிசையா கல் தூண், தமிழ்நாட்டுக் கோயில் மண்டபப் பாணி. சிலைகள் மட்டும் இருக்காது, அதுக்குப் பதிலா பூவும் கொடியும்.

நம்ம சென்னையில கதை கொஞ்சம் வேற. ஆற்காட்டு நவாப் காலத்துல உருது பேசறவங்க நிறைய வந்தாங்க. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் (1795) அவங்க கட்டினது. அந்தப் பள்ளிவாசலுக்குள்ள இருக்கும் பாரசீகக் கல்வெட்டுப் பாட்டை எழுதினவர் ராஜா மக்கன்லால்னு நவாப்கிட்ட வேலை பார்த்த ஒரு இந்து. சென்னைக்காரங்க பலர் 'முஸ்லிம்னா உருது'ன்னு நினைக்கறது இந்த நவாப் காலத்தால வந்த குழப்பம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுல முஸ்லிம்கள் 5.86 சதவீதம். அதுல பெரும்பாலானவங்களுக்கு வீட்டு மொழி தமிழ்தான்.

சரி, அந்தக் குடும்பம் என்ன ஆச்சு? ரெண்டு தெரு தள்ளி வீடு கிடைச்சுது. ஒரு நாள் ஸ்டேஷன்ல அவரைப் பாத்தேன். நானே போய்ப் பேசினேன். "அன்னிக்கு நான் பக்கத்துலயே நின்னேன், ஒண்ணும் சொல்லலை, மன்னிச்சுக்கங்க" அப்படின்னேன். "அதை விடுங்க சார், எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார். அந்த 'பழகிப்போச்சு' இன்னும் உறுத்துது.

நோன்பு மாசத்துல ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. நோன்புக் கஞ்சி, வடை. அவங்க பாட்டி (உம்மம்மா என்கிறாங்க) வச்சிருந்த ஒரு பழைய நோட்டைக் காட்டினார். வலமிருந்து இடமா அரபு எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் புரியலை. அவர் வாய்விட்டுப் படிச்சார். முழுக்கப் புரிஞ்சுது! பிள்ளைத் தாலாட்டு, சுத்தத் தமிழ். அரபுத்தமிழ், அர்வின்னு சொல்றாங்க. அரபியில இல்லாத ப, ட, ண, ள மாதிரி ஒலிகளுக்குப் புள்ளியைக் கூட்டிப் புது எழுத்தே பண்ணி வச்சிருக்காங்க.

கண்ணால பாத்தா அரபி, காதால கேட்டா தமிழ். எதிர் வீட்டு அம்மா அன்னிக்குக் கண்ணால மட்டும் பாத்துட்டாங்க.

அவங்ககிட்ட இதை நான் இன்னும் சொல்லலை. ரசம் கொடுக்கறவங்க, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. அடுத்த தடவை 'டு-லெட்' போர்டு தொங்கும்போது டேங்க் தொடைக்காம வாயைத் திறக்கணும். அதுக்கு ஒத்திகையாத்தான் இதை எழுதறேன்னு வச்சுக்கங்களேன்.

உங்க ஊர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகள்ல புழங்கற இந்த மாதிரி பழைய தமிழ்ச் சொல் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. சேர்த்து வைக்கலாம்.