அரண்மனை வீட்டில் ஓர் இரவு



கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தமிழகம் சென்றிருந்தேன். நம்மவர் பயணம் என்றால் கோயில்கள், துணிக்கடைகள், உறவினர் வீடுகள் என்று முடிந்துவிடும். இம்முறை ஒரு நாளை மட்டும் எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு நாளைச் சிவகங்கை மாவட்டத்துக் கானாடுகாத்தானில், தங்கும் விடுதியாக மாற்றப்பட்ட பழைய நகரத்தார் வீடு ஒன்றில் கழித்தோம்.

இவ்வீடுகளை ஊரார் ‘பெரிய வீடு’ என்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் ‘அரண்மனை’ என்கிறார்கள். ஆனால் இவற்றைக் கட்டியவர்கள் மன்னர்கள் அல்லர், வணிகர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனையும் இவ்வூரில்தான் உள்ளது. அது விடுதியன்று. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் உள்ள மற்ற வீடுகளில் சிலவே விடுதிகளாகியுள்ளன.

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அவ்வளவு நீளம்! முகப்பில் திண்ணைகள். உள்ளே நுழைந்தால் வானம் தெரியும் முற்றத்தோடு கூடிய வளவு. அதற்கு அப்பால் இரண்டாங்கட்டு, பிறகு சமையற்கட்டு. தூண்களும் கதவுகளும் பர்மாத் தேக்கு. கூடத்தின் தரையில் இத்தாலியப் பளிங்கு. மற்ற இடங்களில் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்த பூக்கற்கள். இக்கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, உலர வைத்து எடுக்கிறார்கள். சுவர்ப்பூச்சோ கண்ணாடிபோல் மின்னுகிறது. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசியதாம்.

எங்களுக்குக் கிடைத்த அறை வளவை ஒட்டியது. திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உண்டு. நகரத்தார் கணக்கில் திருமணமான ஆண் ஒரு ‘புள்ளி’. திருமணத்துக்குப் பின் இளந்தம்பதியரை ‘வேறு வைப்பது’ என்ற வழக்கமும் இருந்தது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் அடுப்பும் செலவும் தனித்தனி. இன்று இரண்டு புள்ளிகளின் அறைகளை இணைத்து, ஒன்றில் கட்டிலும் மற்றொன்றில் குளியலறையும் அமைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது? இந்த வறண்ட செம்மண் பூமி தந்ததன்று. இலங்கை, பர்மா, மலாயா, வியட்நாம் என்று கடல் கடந்து ஈட்டியது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கொண்டுவிக்கப் போதல்’. முகவர்கள் மூன்றாண்டுக் காலக் கணக்கில் பெட்டியடியில் அமர்ந்தார்கள்; மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த கிட்டங்கிகள் நம் மூத்தோர் அறிந்தவை. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் அவர்கள் எழுப்பியது. ஈயச் சுரங்கம் தோண்டிய சீனருக்கும், ரப்பர் நட்ட சிறுதோட்டக்காரருக்கும் வங்கிகள் கடன் தராத காலத்தில் கடன் தந்தவர்கள் இவர்களே. கடன் திரும்பாதபோது நிலம் கைமாறியது. 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் பிறந்ததற்கு அப்படிக் கைமாறிய நிலங்களும் ஒரு காரணம்.

பர்மாவில் நடந்தது இதனினும் பெரிது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலங்கள் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. 1938இல் கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் அவர்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தனர். 1948இல், விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. தேக்கு வந்த கடல்வழி அடைந்தது.

பிறகு இந்த வீடுகள் பூட்டப்பட்டன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சென்னையிலும் வெளிநாட்டிலுமாகப் பிரிந்து வாழ்பவர்கள். பழுதுபார்க்க யார் பணம் போடுவது? பல வீடுகளைப் பிரித்துத் தூண் தூணாகவும் கதவு கதவாகவும் விற்றார்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அவற்றைக் காணலாம். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியல் கூரையை ஒழுகாமல் காக்காது. விடுதியாகிய வீடுகள் வாடகைப் பணத்தில் நிற்கின்றன.

அந்த வாடகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் இரவுக்கு நான் கொடுத்தது, நம் பணத்தில் நானூறு வெள்ளிக்கும் மேல். என் தாத்தா ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்து பேராக்கில் பால்வெட்டியவர். 1920களின் இறுதியில் தோட்டப்புற நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. 1930இல் அதுவும் குறைக்கப்பட்டது. அந்த 50 காசுக் கணக்கில் என் ஒரு நாள் வாடகை அவருடைய எண்ணூறு நாள் உழைப்பு. காசின் மதிப்பு மாறிவிட்டது என்பதை அறிவேன். ஆயினும் அன்றிரவு அந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

அவருடைய கூலியைப் பறித்து இந்த வீடு கட்டப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அவர் வேலை செய்த தோட்டம் ஆங்கிலேயருடையது. ஒரே கடலைக் கடந்த இரு வகைத் தமிழரில் ஒருவருக்கு வீடு நிற்கிறது. மற்றவருக்கு இல்லை என்பதையே சொல்கிறேன். தாத்தா வாழ்ந்த லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அந்த லயத்தின் படம் ஒன்றுகூட எங்கள் குடும்பத்தில் இல்லை.

மறுநாள் காலை பசியாறும்போது முதிய சமையற்காரர் அருகில் வந்தார்.

“மலேசியாவுல எந்த ஊருங்க ஐயா?”

“பேராக்.”

“எங்க தாத்தா பினாங்குல, கிட்டங்கியில சமையலுக்கு இருந்தாக. மூணு வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவாக. வரும்போது மங்குச் சாமான் கொண்டாருவாகன்னு அப்பா சொல்லுவாரு.”

மங்கு என்று அவர் சொன்னது எனாமல் பாத்திரங்களை. எனக்கு நம் மலாய்மொழியின் ‘மங்கோக்’ நினைவுக்கு வந்தது, சொன்னேன். அவர் வியந்து சிரித்தார். சுவர் முழுதும் முதலாளிகளின் படங்கள் மாட்டியிருந்தன. “இதில் உங்கள் தாத்தா படம் உண்டா?” என்று கேட்டேன். “அவுகளை யாரு ஐயா படம் புடிச்சா?” என்றார்.

புறப்படும்போது வருகையாளர் ஏட்டை நீட்டினார்கள். வீட்டைக் காத்தமைக்கு நன்றி எழுதினேன். அதன்கீழ் என் தாத்தாவின் பெயர், அவர் தோட்டத்தின் பெயர், அந்தச் சமையற்காரரைக் கேட்டு அவர் தாத்தாவின் பெயர் ஆகியவற்றையும் எழுதிவிட்டு வந்தேன்.

ஆசிரியர் நண்பர்களே! நம் மாணவர்களுக்குத் தோட்டம் என்பது பாடநூலில் வரும் ஒரு சொல்லாகிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு ஒரு சிறு பணி கொடுங்கள். தாத்தா பாட்டியிடம் அமர்ந்து, தோட்டத்தின் பெயர், லயத்தில் எத்தனை வீடுகள், பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். பெற்றோர்களே, வீட்டில் பழைய கூலி அட்டையோ, கப்பல் சீட்டோ, மங்கிய படமோ இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள், படியெடுத்துத் திருப்பித் தருகிறோம்.