முகம் எங்கே கரைந்தது?

கணினியில் பக்கம் கட்டிய 31ஆம் நாள் கல்வெட்டு ஒன்றையோ, பாடசாலை மலர் ஒன்றையோ பிடிஎஃப் ஆகத் திறந்து பெருப்பிச்சுப் பாருங்கோ. எழுத்து எவ்வளவு பெருத்தாலும் கூராகவே நிற்கும். முகங்கள் பல மலர்களில் கட்டங் கட்டமாகக் கரைந்துபோகும். ஒரே கோப்பு, ஒரே பக்கம். எழுத்து தப்பினது, முகம் ஏன் தப்பவில்லை?

வன்னியில் இருக்கிற எங்களுக்கு இது வெறும் கொம்பியூட்டர் கதை இல்லை. 2008, 2009 இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த சனம் ஒவ்வொரு இடத்திலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. அதில அல்பங்களும் அடக்கம். அச்சில ஏறின படம் மட்டும் மிஞ்சின வீடுகள் இங்க உண்டு.

அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை படும், இல்லாட்டி படாது. 1882 இல் ஜேர்மனியில் கேயோர்க் மைசன்பாக் காப்புரிமை பெற்ற முறை, படத்தைப் புள்ளிகளாக உடைத்து இந்தச் சிக்கலைத் தாண்டியது. பெரிய புள்ளி இருட்டு, சின்னப் புள்ளி வெளிச்சம். கல்கத்தாவில் சத்யஜித் ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் 1895 இல் இந்த வேலைக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். எங்கட அச்சகங்களில் இந்தப் புள்ளித் தகட்டுக்குப் பெயர் புளொக். புளொக் இருக்கும்வரை மூலப்படம் இல்லாமலே திரும்ப அச்சடிக்கலாம். அச்சகம் எரிந்தால் அதுவும் போச்சு.

1985 இல் பேஜ்மேக்கர் வந்தது. புளொக்கின் இடத்துக்கு ஃபைல் வந்தது எண்டு சொல்லலாம், ஆனால் ஒரு வித்தியாசம். 256 கிலோபைற்றுக்கு மேற்பட்ட படத்தைப் பக்கத்தில் வைக்கேக்க, முழுப்படத்தையும் உள்ளுக்கு வைக்கவா என்று பேஜ்மேக்கர் கேட்கும். வேண்டாம் என்றால் திரைக்கு மட்டும் போதுமான ஒரு மங்கல் படத்தை வைத்துக்கொண்டு, மூலம் இருக்கிற இடத்தைக் குறித்துக்கொள்ளும். வன்தட்டில் இடம் குறைந்த காலம். வேண்டாம் எண்டு சொல்லுறதுதான் புத்தி. பிறகு அந்தக் கோப்பை மட்டும் சீடியில் வேறு அச்சகத்துக்குக் கொண்டுபோனால், அங்க அச்சில விழுறது அந்த மங்கல் படம்தான். பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் கணினி ஓட ஜெனரேற்றர் ஓடவேணும், அதுக்கு எரிபொருள் வேணும். ஏ9 பாதை 2002 இல் திறந்து 2006 ஓகஸ்டில் மூடியது. மூலப்படம் ஒரு ஊரிலும் பக்கம் இன்னொரு ஊரிலும் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

1993 இல் வந்த பிடிஎஃப்தான் இரண்டையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழுக்கு அது பெரிய ஆறுதல். பாமினி இல்லாத கணினியில் பாமினியில் அடித்த பக்கம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பிடிஎஃப் எழுத்துருவையும் கூடவே கொண்டுபோனது. (அதிலிருந்து வெட்டி ஒட்டினால் இப்பவும் குப்பைதான், அது வேற கதை.) எழுத்து கோடுகளாகப் பதிவதால் பெருத்தாலும் உடையாது. படம் அப்படியில்லை. இன்டிசைனில் 'ஸ்மோலஸ்ட் ஃபைல் சைஸ்' என்ற தெரிவை அமத்தினால், அங்குலத்துக்கு 150 புள்ளிக்கு மேற்பட்ட நிறப்படங்களெல்லாம் 100க்கு இறங்கும். மின்னஞ்சலில் போகவேணும் எண்டு இதைத்தான் கனபேர் அமத்துறது. 'ஹை குவாலிற்றி பிறின்ற்' 450க்கு மேற்பட்டதை மட்டும் 300க்கு இறக்கும்.

கணக்குப் பாருங்கோ. வகுப்புக் குழுப்படத்தில் ஒரு பிள்ளையின் முகம் 6 மில்லிமீற்றர் அகலம் என்று வைப்போம். 300 இல் அதற்கு 71 புள்ளி. 100 இல் 24. இருபத்திநாலு புள்ளியில் கண்ணும் வாயும் இருக்குது எண்டு தெரியும், ஆர் எண்டு தெரியாது. போன புள்ளியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஊகித்து ஒரு முகத்தை வரையும், அது அந்தப் பிள்ளையின் முகம் அல்ல. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் ஏந்தியிருந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

மலர்க்குழுக்களில் இருக்கிறவைக்கு: படத்தை வட்ஸ்அப்பில் படமாக வாங்காதேங்கோ, டொக்கியுமென்றாக அனுப்பச் சொல்லுங்கோ. பக்கத்தில் இரண்டு மடங்கு பெருப்பிச்சால் 300 புள்ளி 150 ஆகிவிடும், ஏற்றுமதிக்கு முதல் லிங்ஸ் பெட்டியில் அதைப் பாருங்கோ. இன்டிசைன் திரையில் மங்கலாய்த் தெரியிறதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வேகத்துக்காகக் காட்டுகிற படம். பிடிஎஃப் இரண்டு செய்யுங்கோ, அனுப்ப ஒண்டு, வைச்சிருக்க ஒண்டு. 'பக்கேஜ்' கொடுத்து மூலப்படங்களையும் எழுத்துருவையும் ஒரே ஃபோல்டரில் எடுத்து, அச்சகத்தில் ஒரு பிரதி, ஊருக்கு வெளியே ஒரு பிரதி.