நூலக வரியும் மாலை வகுப்பும்: மக்கள் கல்வியை நடத்த வேண்டியவர் யார்?

இலஞ்சி பேரூராட்சியில் சொந்த வீடு வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு என்பது அதன் விகிதம். பேரூராட்சி அதை வசூலிக்க மட்டுமே செய்கிறது. பணம் உரியது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு. வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று வரி பேதம் பார்ப்பதில்லை. கைநாட்டு வைத்து ரசீது வாங்கிப் போகும் மூதாட்டியும் நூலகத்துக்குப் பணம் தருபவர்தான். அவருக்கு அந்த நூலகம் என்ன தருகிறது என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தில் விடை இருக்கிறது. வயதுவந்தோர் கல்விக்கென நாம் புதிது புதிதாகத் திட்டங்களைத் தேட வேண்டியதில்லை; சட்டமும் சொந்த வரியும் உள்ள நூலக ஆணைக்குழுவைக் கற்பவருக்கும் பொறுப்புள்ள ஒரு மக்கள் கல்வி வாரியமாகத் திருத்தி அமைப்பதே நிலையான வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். பின்புலத்தில் இருந்து உழைத்தவர் நூலகவியலாளர் சீ. இரா. அரங்கநாதன். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. மாவட்டந்தோறும் ஓர் ஆணைக்குழு, அதற்குத் தனிச் சட்ட உரு, தனி நிதி, அந்த நிதிக்கு ஒரு வரி என்று அது வகுத்தது. ஓர் அமைச்சர் மாறினாலோ மத்தியத் திட்டம் ஒன்று முடிந்தாலோ கலைந்துவிடாத ஏற்பாடு இது. ஆணைக்குழு செய்யக்கூடியவை என்று அச்சட்டம் எண்ணிச் சொல்லும் பணிகளில் கட்டடம் எடுப்பது, நூல் வாங்குவது ஆகியவற்றோடு சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்வதும் ஒன்று. வாசிப்பவருக்கு மட்டுமன்றி இனிமேல் வாசிக்கப் போகிறவருக்கும் இடம் வைத்தே சட்டத்தை எழுதினார்கள். அந்த வாசகம் அதிகம் புழங்காமலே கிடக்கிறது.

வயதுவந்தோர் கல்வியின் வரலாறு வேறு தடத்தில் போயிற்று. தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 1988இல், தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. அதன் வழியே மாவட்டங்களில் முழு எழுத்தறிவு இயக்கங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த பெயர் அறிவொளி. ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு, சங்கமாகப் பதிவுசெய்த ஒரு மாவட்டக் குழு. அதன் கீழே ஊர்தோறும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவோடு சேர்த்துப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும், கல்குவாரிப் பெண்கள் குழுவாகக் குத்தகை எடுத்ததும் நாடே பேசிய நிகழ்வுகள். ஒரு சமூகம் தானாக எழுந்து கற்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் ஆட்சியர் மாற்றலாகிப் போவார். இயக்கத்துக்கு ஒதுக்கிய பணம் குறித்த காலத்தில் தீரும். 2009இல் வந்த சாக்ஷர் பாரத் திட்டம் ஊராட்சிக்கு இரண்டு ஊக்குநர், மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அமைந்து, 2018 மார்ச்சோடு முடிந்தது. 2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், ஐந்தாண்டுக்கு 1,037.90 கோடி ரூபாய் மதிப்பீட்டில், மறுபடி தன்னார்வலர்களை நம்பி வந்தது. பெயர் மாறும்போதெல்லாம் கணக்கெடுப்பு, பயிற்சி, பாடநூல் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகின்றன. குறை தொண்டர்களிடம் இல்லை. நூலகத்துக்குச் சட்டமும் வரியும் கிடைத்தன, மக்கள் வரவில்லை. அறிவொளிக்கு மக்கள் வந்தார்கள், சட்டமும் வரியும் கிடைக்கவில்லை.

இலஞ்சி போன்ற ஊருக்கு இதில் கூடுதல் சிக்கலும் உண்டு. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்த பதினோராம் அட்டவணையில் வயதுவந்தோர் கல்வியும் நூலகமும் அடுத்தடுத்து நிற்கின்றன; அவை ஊராட்சிகளுக்கு உரியவை. 74ஆவது திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையோ நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரியது. அதில் பண்பாடு, கல்வி, அழகியல் வளர்ச்சி என்று பொதுப்படையாக ஒரு தலைப்பு மட்டுமே இருக்கிறது. சுற்றிலும் வயலாக இருந்தாலும் இலஞ்சி பேரூராட்சி என்பதால் இரண்டாவது அட்டவணைக்குள் வருகிறது. சாக்ஷர் பாரத்தும் கிராமப் பகுதிகளுக்கென்றே வகுத்த திட்டம். ஊரும் அல்லாத நகரும் அல்லாத இத்தகைய இடங்கள் திட்டங்களின் இடுக்கில் விழுந்துவிடுகின்றன. மாவட்டம் முழுதும் பரவிய நூலக ஆணைக்குழுவுக்கு இந்தக் கோடு கிடையாது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி மூன்றிலிருந்தும் அதற்கு வரி வருகிறது.

நிர்வாகம் உள்ளூரில் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் கற்பவரின் நாள்காட்டி. இலஞ்சியைச் சுற்றிய தென்காசி வட்டாரத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். இலையும் தூளும் வாங்கிவந்து, சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டிக் கம்பெனிக் கடையில் கணக்குக் கொடுத்துத் திரும்பும் நேரம் போகத்தான் அவர்களுக்கு ஓய்வு. குற்றாலத்தில் சாரல் தொடங்கிச் சீசன் களைகட்டும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை கடை போடுபவர்களுக்கும் விடுதி வேலைக்குப் போகிறவர்களுக்கும் மூச்சுவிட நேரமில்லை. சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் நடவும் அறுப்பும் வரும் வாரங்களில் வகுப்பு காலியாகத்தான் இருக்கும். எப்போது வகுப்பு, எதை முதலில் கற்பிப்பது, பீடிப் பாஸ்புத்தகமா, முதியோர் உதவித்தொகை மனுவா, கைப்பேசியில் பணம் அனுப்புவதா என்பதை டெல்லியில் அச்சான கையேடு தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிக்கும் மேசையில் கற்பவரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்காரவைக்க முடியும் என்பதற்குச் சான்று மலைக்கு அப்பால் இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு போனால் கேரளம். அங்கே பி. என். பணிக்கர் முன்நின்று 1945இல் தொடங்கிய நூலகச் சங்கத்தை 1977இல் அரசு எடுத்துக்கொண்டது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தேர்ந்தெடுக்கப்படும் நூலகக் கவுன்சிலிடம் திருப்பித் தந்தது. இணைப்புப் பெற்ற ஊர் நூலகங்களிலிருந்து வட்டம், மாவட்டம், மாநிலம் என்று பிரதிநிதிகள் தேர்வாகி மேலேறுகிறார்கள். அங்கும் நூலக வரி உண்டு. ரூபாய்க்கு 5 காசு. எர்ணாகுளம் 1990இல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானபோது ஊர் நூலகங்களின் நெடுநாள் பழக்கம் பின்னால் நின்றது. தொலைவில் அயர்லாந்து 2013இல் தன் பழைய தொழிற்கல்விக் குழுக்களைக் கலைத்து 16 கல்வி பயிற்சி வாரியங்களாக்கியது. வாரியத்துக்கு 21 உறுப்பினர்கள்: உள்ளாட்சி அனுப்புவோர் 12, ஊழியர் தேர்ந்தெடுப்போர் 2, பெற்றோர் 2, மற்றத் துறையினர் 5. எண்ணிக்கையை அப்படியே நாம் எடுக்க வேண்டியதில்லை. யார் எவரிடமிருந்து வருகிறார் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டால் நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதில் நாம் கொள்ள வேண்டியது.

இதற்கு மறுப்புகள் எழும். நூல் வாங்கும் பணம் வகுப்புக்குப் போய்விடும் என்று நூலகர்கள் அஞ்சலாம். நியாயமான அச்சம்தான்; ஏனெனில் உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைப்பது பழைய குறை. அதற்கு மருந்து கல்விக்குத் தனிக் கணக்கும் உச்ச வரம்பும், வசூலான தொகையையும் செலுத்திய தொகையையும் நூலக வாசலிலேயே ஆண்டுதோறும் எழுதி ஒட்டுவதும்தான். உள்ளூர் வாரியம் என்றால் சாதியும் கட்சியும் புகுந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. நியமனத்தில் மட்டும் கட்சி புகவில்லையா? பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் கற்பவருக்கும் ஒதுக்கிய இடங்கள், ஆட்சி மாறினாலும் கலையாத பதவிக்காலம், பகுதி பகுதியாக ஓய்வுபெறும் உறுப்பினர்கள் ஆகியவை கைப்பற்றலைக் கடினமாக்கும். முற்றாகத் தடுக்கும் ஏற்பாடு எங்கும் இல்லை.

தமிழ்நாடு படித்துவிட்டது, இனி எதற்கு என்பாரும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களிடையே 73.44. நான்கு பெண்களில் ஒருவருக்கு மேல் விடுபட்டிருந்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்தவருக்கும் வங்கிப் படிவம் இன்று தனிப் பாடம். கடைசி மறுப்பு இப்பகுதியில் வலுவாகவே ஒலிக்கும்: கல்வி ஆர்வத்தால் வளர்வது, வாரியத்தால் அல்ல. டி. கே. சிதம்பரநாத முதலியாரைச் சுற்றி அமைந்த வட்டத்தொட்டி அதற்கு எடுத்துக்காட்டு. பட்டம், கட்டணம், பதிவேடு ஒன்றும் இல்லாமல் கம்பனை வளர்ந்தவர்களுக்குச் சுவைக்கக் கற்பித்த சபை அது. திருநெல்வேலியிலும் பிறகு குற்றாலத்திலும் அவரைத் தேடி வந்தவர்கள் பலர். 1954இல் அவர் மறைந்தபின் அந்தச் சபைக்கு ஈடாக ஒன்று அமையவில்லை. ஆர்வத்தை வாரியம் படைக்காது என்பது உண்மை. ஆர்வலர் போன பிறகும் விளக்கும் இடமும் எஞ்சும்படி பார்த்துக்கொள்வதே வாரியத்தின் வேலை.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வகுப்பு நடத்த ஆணைக்குழுவுக்கு இருக்கும் அதிகாரம் இன்றே போதும். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் கற்பவர் பெரும்பான்மையாக உள்ள ஒரு வாசகர் குழு. அது கேட்கும் நேரத்தில், கேட்கும் பாடத்தில் ஒரு மாலை வகுப்பு. கற்பிப்பவருக்கு ஆணைக்குழுவின் சொந்த நிதியிலிருந்து மதிப்பூதியம். இவ்வளவும் ஒரு தீர்மானத்தில் அடங்கும். இது ஓராண்டு நடந்தால், குழுவின் பிரதிநிதிக்கு மாவட்ட ஆணைக்குழுவில் இடம் கேட்பது சலுகையாக இராது. வரி கட்டுபவர் தன் பணத்துக்குக் கணக்குக் கேட்பதாகவே இருக்கும்.