ஒரு மஞ்சள் பத்திரிகையின் கதை

தமிழில் மஞ்சள் பத்திரிகை என்றால் வீட்டில் மறைத்து வைத்துப் படிப்பது. மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான் என்றால் ஆள் திவால். தாளில் ஏறினால் மஞ்சளுக்கு நம்ம ஊரில் அவ்வளவு நல்ல பேர் இல்லை. ஆனால் ஜூலை மாதம் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஃபோனில் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே முன்னணியில் இருப்பவனுக்கு ஒரு மஞ்சள் சட்டை உண்டு. அதைப் போட்டுக்கொள்வதற்காக ஆளாளுக்கு உயிரைக் கொடுக்கிறார்கள். வழியெல்லாம் சூரியகாந்தித் தோட்டமாக இருப்பதால் அதிலிருந்து வந்த நிறம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அது ஒரு தினசரியின் தாள் நிறம். அந்தத் தினசரி இப்போது இல்லை.

1890களின் பாரிஸ். பிரான்ஸில் விளையாட்டுக்கென்று இருந்த பெரிய தினசரி ‘லெ வெலோ’. சைக்கிள் என்று அர்த்தம். 1892இல் பியேர் ஜிஃபார் தொடங்கியது, பச்சைத் தாளில் வந்தது. பச்சை ஏன் என்று கேட்டால், அன்றைய ஒரு முதல் பக்கத்தைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். நீள நீளமாகப் பத்திகள், பொடி எழுத்து, தலைப்புகூட ஒரு பத்தி அகலத்துக்குள் அடங்கிவிடும். புகைப்படத்துக்குப் பெரிய இடமில்லை. கடையில் பத்துப் பத்திரிகையைத் தொங்கவிட்டால் பத்தும் ஒரே சாம்பல் சுவராகத் தெரியும். தினம் தினம் கலர் மையில் அச்சடிக்க நேரமும் கட்டாது, காசும் கட்டாது. தாளையே சாயம் ஏற்றி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. பத்தடி தூரத்திலிருந்தே, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவன்கூடக் கையை நீட்டி ‘அந்தப் பச்சையைக் குடு’ என்று கேட்டு வாங்கலாம். விளையாட்டுப் பத்திரிகையின் முதல் பக்க வடிவமைப்பு என்று இன்று நாம் பேசுவதெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போது நாடே டிரைஃபஸ் விவகாரத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. யூத ராணுவ அதிகாரி ஒருவரைச் செய்யாத தேசத்துரோகத்துக்காக 1894இல் தண்டித்தார்கள். 1898 ஜனவரி 13 அன்று ‘லோரோர்’ என்ற பத்திரிகையின் முதல் பக்கத்தில் எமில் ஸோலாவின் ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ கடிதம் வந்தது. தலைப்பைப் பக்கத்தின் முழு அகலத்துக்கும் இழுத்துப் போட்டார்கள். ஜிஃபார் டிரைஃபஸ் பக்கம். அவர் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்த கார், சைக்கிள் முதலாளிகள் பலர் எதிர்ப்பக்கம். அதில் கார் தயாரிப்பாளரான தெ தியோன் பிரபு ரொம்பத் தீவிரம். 1899 ஜூனில் குதிரைப் பந்தய மைதானத்தில் ஜனாதிபதி லூபேயின் தலையில் ஒருத்தர் கைத்தடியால் அடித்த கலாட்டாவில் இவரும் மாட்டி 15 நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். ஜிஃபார் அதைக் கண்டித்து எழுதினார். விடுவாரா பிரபு? விளம்பரத்தை நிறுத்தினார். அதோடு நிற்காமல் டயர் கம்பெனி மிஷ்லின் உட்படச் சிலரைச் சேர்த்துக்கொண்டு போட்டிப் பத்திரிகையே ஆரம்பித்துவிட்டார்.

1900 அக்டோபர் 16இல் வந்த அதன் பெயர் ‘லோத்தோ-வெலோ’. கார்-சைக்கிள். ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ், 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை வைத்த சைக்கிள்காரர். பச்சைக்குப் பக்கத்தில் தொங்கினால் உடனே கண்ணில் படும்படி ஒரு நிறம் வேண்டும். மஞ்சளை எடுத்தார்கள்.

ஜிஃபார் வழக்குப் போட்டார்: என் பேரைத் திருடிட்டாங்க. ஜெயித்தும்விட்டார். 1903 ஜனவரியில் பெயரிலிருந்து ‘வெலோ’ போய் வெறும் ‘லோத்தோ’ ஆயிற்று. சைக்கிள் வாசகர்களை நம்பி நடக்கும் பத்திரிகையின் தலையிலிருந்து சைக்கிள் என்ற சொல்லையே வெட்டிவிட்டார்கள். நீதிமன்றத்தால் சொல்லைத்தான் பிடுங்க முடிந்தது, நிறத்தை முடியவில்லை. மூன்றே நாளில், ஜனவரி 19 அன்று, அந்த மஞ்சள் முதல் பக்கம் ஓர் அறிவிப்பைப் போட்டது: பிரான்ஸையே சுற்றிவரும் சைக்கிள் பந்தயம். யோசனை ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபருடையது. பெயரில் இல்லாத சைக்கிளை ரோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 1, பந்தயம் தொடங்கிய நாள். முதல் பக்கத்தில் தெக்ராஞ்சின் கட்டுரை, தலைப்பு ‘விதை’. அதில் அவர் உவமைக்கு இழுத்தது ஸோலாவின் நாவலில் வரும் உழவனை. டிரைஃபஸுக்காகப் பேசிய ஸோலாவை, டிரைஃபஸை வெறுத்தவர்களின் பணத்தில் நடந்த பத்திரிகை! விதை முளைத்தது. 60 பேர் கிளம்பி 21 பேர் முடித்த அந்தப் பந்தயத்துக்குப் பிறகு விற்பனை 25,000லிருந்து 65,000 ஆனது. அடுத்த வருஷமே லெ வெலோ மூடியது. கொஞ்ச காலம் கழித்து ஜிஃபாரே லோத்தோவில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

தாளிலிருந்து சட்டைக்கு மஞ்சள் போனது 1919இல். முதல் உலகப் போர் முடிந்து துணிக்குப் பஞ்சம். கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து முக்கால்வாசிப் பேருக்கு ஒரே சாம்பல் சட்டை கொடுத்திருந்தன. ரோட்டோரம் நிற்பவனுக்கு யார் முதலில் போகிறான் என்றே தெரியவில்லை. முன்பு பத்திரிகைக் கடையில் இருந்த அதே சிக்கல், அதே தீர்வு. ஜூலை 19, கிரெனோபிளில் யூஜின் கிறிஸ்டோஃப் மஞ்சள் சட்டை போட்டார். கனரிக் குருவி என்று சக வீரர்கள் கிண்டல் செய்தார்கள். (1913லேயே எனக்குக் கொடுத்தார்கள் என்று பெல்ஜியத்துக்காரர் ஒருவர் பல வருஷம் கழித்துச் சொன்னார். அது தனி வழக்கு.) நடமாடும் விளம்பரம்தான், சந்தேகமே இல்லை. இத்தாலியிலும் இதே கதை. 1899இலிருந்து இளஞ்சிவப்புத் தாளில் வரும் ‘லா கஸெட்டா தெல்லோ ஸ்போர்ட்’ நடத்திய ஜீரோ பந்தயத்தில் 1931 முதல் தலைவனுக்கு இளஞ்சிவப்புச் சட்டை.

1940இல் ஜெர்மானியர்கள் பாரிஸில் நுழைந்தார்கள். அதே வருஷம் தெக்ராஞ் இறந்தார். பத்திரிகை ஜாக் கொதேயின் கைக்கு வந்தது. லோத்தோ நிற்கவில்லை, ஆக்கிரமிப்பின் கீழும் வந்துகொண்டிருந்தது. கொதேயின் பொறுப்பில் ‘வெல் தீவ்’ என்ற உள்ளரங்கச் சைக்கிள் மைதானமும் இருந்தது. 1942 ஜூலை 16, 17இல் பிரெஞ்சு போலீஸ் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் 13,000 யூதர்களுக்கு மேல் பிடித்தது, அதில் 4,000க்கு மேல் குழந்தைகள். குடும்பங்களாகப் பிடிபட்டவர்களை இந்த மைதானத்தில்தான் அடைத்தார்கள், நாள்கணக்கில், குடிக்கத் தண்ணீர்கூடச் சரியாக இல்லாமல். அங்கிருந்து முகாம்களுக்கு, பிறகு ஆஷ்விட்ஸுக்கு. அதற்கு ஒரு மாதம் முன்புதான் யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அந்த மஞ்சளுக்கும் இந்த மஞ்சளுக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் டிரைஃபஸ் சண்டையில் பிறந்த பத்திரிகை என்பது மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இதே லோத்தோவின் அச்சகத்தில் எதிர்ப்பியக்கத்தின் பிரசுரங்கள் ரகசியமாக அடிக்கப்பட்டன என்பதும் உண்டு. யார் நல்லவன் யார் கெட்டவன் என்று கோடு போடுவது அவ்வளவு சுலபமில்லை. 1944இல் பாரிஸ் விடுதலையானதும், ஆக்கிரமிப்பில் வெளிவந்த பத்திரிகைகளோடு லோத்தோவும் மூடப்பட்டது. கொதே விடவில்லை. பழைய ஆபீஸுக்கு எதிர்ச்சாரியிலேயே இடம் பிடித்து 1946 பிப்ரவரி 28இல் ‘லெகீப்’ கொண்டுவந்தார். அனுமதி கொடுத்த அரசு வைத்த நிபந்தனைகளில் ஒன்று எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது: மஞ்சள் தாளில் அச்சடிக்கக் கூடாது. 1903இல் பெயரை வெட்டினார்கள், நிறம் காப்பாற்றியது. இந்த முறை பத்திரிகை எதனால் ஆனது என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள் போல.

லெகீப் வெள்ளைத் தாளில் வந்தது. 1947இல் போருக்குப் பின் டூர் மறுபடி ஓடியது, சட்டை மட்டும் மஞ்சளாகவே இருந்தது. தாளுக்குப் போட்ட தடையைத் துணிக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. அந்த வருஷம் ஜெயித்தவர் ஜான் ரோபிக். கடைசி நாளில்தான் முன்னுக்கு வந்தார். பந்தயத்தின் ஒரு நாளும் அவர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டவில்லை.