மாதவிடாய் நிற்கும் பருவத்தில் குடல் மாற்றங்கள்

மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில், பெரும்பாலும் 40 வயதுக்கு மேல், பல பெண்களுக்கு மலச்சிக்கல், வயிற்று உப்புசம், அவ்வப்போது வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றுகின்றன. ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள் குடலிலும் உள்ளன. புரோஜெஸ்ட்ரோன் குடல் தசைகளைத் தளர்த்தி மலத்தின் நகர்வைத் தாமதப்படுத்துகிறது. மாதவிடாய் தொடங்கும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் குடலைச் சுருங்கச் செய்வதால் மலம் இளகுகிறது. இப்பருவத்தில் சுழற்சி ஒழுங்கிழப்பதால் இந்தத் தொல்லைகள் எப்போது வரும் என்று கணிக்க முடிவதில்லை.

இப்பருவத்தில் எடுக்கும் ஹார்மோன் மருந்துகளும் வயிற்றைப் பாதிக்கலாம். ஈஸ்ட்ரோஜென் மாத்திரையால் குமட்டலும் உப்புசமும் வரக்கூடும். பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. தோலில் ஒட்டும் பட்டையிலும் பூசும் களிம்பிலும் மருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்லாததால் இந்த வாய்ப்பு குறைவு. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜெனுடன் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தையும் எடுக்க வேண்டும். இல்லையேல் கருப்பை உட்சுவர் மிகையாக வளர்ந்து புற்றுநோய்க்கு இடமளிக்கும். எனவே உப்புசத்துக்காகப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. அளவையோ வகையையோ மருத்துவர் மாற்றித் தர முடியும். மிகு உதிரப்போக்குக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் மலச்சிக்கல் உண்டாக்கும். இது பலமுறை கவனத்தில் படுவதில்லை.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, வாரக்கணக்கில் நீங்காத உப்புசம் ஆகியவற்றை ஹார்மோன் மாற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. குடல் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் இவ்வாறே தொடங்கக்கூடும் என்பதால் உடனே பரிசோதனை தேவை.