மலையில் வேர் பிடித்த தேயிலை



கேமரன் மலையின் வரலாற்றைப் பேசும்போது, 1885-ஆம் ஆண்டு இப்பகுதிக்கு அளவைப் பணிக்கு வந்த வில்லியம் கேமரனையும், 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸலையும், அவருக்குத் துணை நின்ற இலங்கைத் தேயிலை அனுபவசாலி ஏ. பி. மில்னையும் நாம் நினைவுகூர்கிறோம். ஆயினும், நட்ட கன்று வேர் பிடித்தால்தானே தோட்டம் தோட்டமாகும்? அந்த வேலையைச் சற்றே பார்ப்போம்.

காடு நிற்கும்வரை மரங்கள் மண்ணுக்குக் குடை பிடிக்கும். காடு அழிந்தால் வெயிலும் மழையும் நேரே மண்ணில் விழும். இங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சரிவில் மேல்மண் கரையாதிருக்க, சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடித்து நட வேண்டும். நீரோடக் கான் வெட்ட வேண்டும்.

அக்காலத்தில் தேயிலை விதையிலிருந்தே வளர்க்கப்பட்டது. நாற்றங்காலிலிருந்து கன்றைப் பெயர்க்கும்போது மயிர் போன்ற சிறு வேர்கள் அறுந்துபோகும். இலைகளோ முன்போலவே நீரை வெளிவிடும். வரவு குறைந்து செலவு குறையாத குடும்பம்போல் கன்று வாடும். ஆகவே மழைக்காலம் பார்த்து நடுவார்கள். ஆணிவேர் மடங்காதபடி ஆழக் குழி தோண்டி, வேரைச் சுற்றி வெற்றிடம் இல்லாமல் மண்ணை அழுத்துவார்கள். பெரணித் தழை ஊன்றி நிழல் தருவதும், அடியில் மூடாக்கு இடுவதும் தேயிலை நாடுகளின் பழைய வழக்கம். பின்னர் வந்த தண்டுத்துண்டுக் கன்றுகள் பையிலேயே வளர்வதால் வேர் அறுவது குறைவு. ஆனால் அவற்றுக்கு ஆணிவேர் இல்லை.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் முறையான கொழுந்து பறிப்பு கிடையாது. செடியைத் தாழக் கவாத்து செய்து பக்கக் கிளைகளை வளர்ப்பார்கள். வேரில் சேர்ந்துள்ள மாச்சத்தே கவாத்துக்குப் பின் செடியைத் துளிர்க்க வைக்கிறது.

இவ்வளவும் செய்த கைகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து பெயர்ந்து வந்த கைகள். 1938-இல் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்தியா நிறுத்தியது. வந்தவர்களில் பலர் இங்கேயே வேர் விட்டனர். கன்றுக்கு நிழல் ஊன்றிய அவர்களின் பெயர்களை வரலாற்று நூல்களில் தேடினாலும் காண்பது அரிது.

இன்று கொழுந்து பறிப்போரில் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். பழைய கதை அறிந்த நம் தாத்தா பாட்டிமார் குறைந்து வருகிறார்கள். மாணவர்களே, தங்கள் பெற்றோர் எந்த மலையில், எப்படிக் கன்று நட்டார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். பெயரோடு எழுதி வையுங்கள். நம் வரலாற்றுக்கும் வேர் வேண்டும்.